ராண்டர்ஸ் வெராவுக்கு ஒரு பாட்டு

டாக்னி லுண்ட்கோரிடம் பாட்டு எழுதி வாங்காமல் ஸோண்டர்ஹோய் ஊரில் யாருக்கும் ஐம்பது வயது ஆனதில்லை. ஆகியிருக்கலாம், ஊர் அதை ஒப்புக்கொண்டதில்லை. மோர்ஸ் தீவில் விருந்து என்றால் சூப், அடுப்பில் சுட்ட இறைச்சி, ஐஸ்கிரீம், கூடவே பாட்டு. ஐஸ்கிரீம் இல்லையென்றால் சமையல்காரியைக் குறை சொல்வார்கள். பாட்டு இல்லையென்றால், பாவம் இந்த மனுஷனுக்கு நாதியே இல்லை போலிருக்கிறது என்று விருந்துக்காரரைப் பார்த்து உச்சுக்கொட்டுவார்கள்.

பாட்டு என்பது வாழ்த்துப்பா அல்ல. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்த ஏதாவது ஒரு மெட்டில், விருந்துக்காரர் இதுவரை செய்த அசட்டுத்தனங்களை வரிசையாகக் கோத்து, தாளில் அச்சடித்து ஆளுக்கொன்று கொடுத்துவிடுவார்கள். கூட்டம் மொத்தமும் உட்கார்ந்தபடியே அதைப் பாடும். ஒரு சரணத்தைக்கூட விடாது. மானத்தை வாங்கும் அந்தப் பாட்டு முடியும்வரை விருந்துக்காரர் நடுவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்க வேண்டும்.

டாக்னிக்குப் பிழைப்பு இரும்புச் சாமான் கடையில். இருபது வயதில் அந்தக் கல்லாவுக்குப் பின்னால் போய் நின்றவள், முதலாளிகள் இரண்டு பேர் மாறியும் நகரவில்லை. அவளிடம் ஒரு ஆணி வாங்குவது சாமானிய காரியமல்ல.

"ரெண்டு கீல் வேணும் டாக்னி."

"எதுக்கு?"

"கதவுக்குத்தான்."

"எந்தக் கதவு?"

"கக்கூஸ் கதவு."

"போன வருஷம்தானே மாட்டினே? அதை என்ன பண்ணித் தொலைச்சே?"

வந்தவர் வேறு வழியில்லாமல், குடித்துவிட்டு உள்ளே மாட்டிக்கொண்டதையும், தாழ்ப்பாள் இருப்பதை மறந்து கதவை உதைத்துப் பெயர்த்ததையும், அப்போது வாசலில் பாதிரியார் நின்றுகொண்டிருந்ததையும் சொல்லித்தான் கீலை வாங்கிப் போக முடியும். இரண்டு வருஷம் கழித்து அவருடைய ஐம்பதாவது பிறந்தநாளில் நாலாவது சரணமாக அந்தக் கதவு வந்து நிற்கும்.

எழுதுவாளே தவிர டாக்னி பாட மாட்டாள். எண்ணெய் காணாத கீல்தான் அவள் குரல். தேவாலயத்தில் அவள் இரண்டு முறை பாடியதைக் கேட்ட பாதிரியார், கடவுளை மனசுக்குள்ளேயே துதித்தாலும் அவருக்குக் கேட்கும் என்று பக்குவமாகச் சொல்லிவிட்டார். அதனால் விருந்துகளில் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு, பாட்டு யாரைப் பற்றியதோ அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். மூணாவது சரணத்தில் அந்த முகம் சிவந்தால் அவளுக்குச் சாப்பாடு நன்றாக இறங்கும்.

இப்படிப்பட்டவளுக்கு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலு மார்ச் மாதம் அறுபது வயது வந்தது.

ஜனவரியிலேயே அவள் உஷாராகிவிட்டாள். நுகோபிங்கில் அச்சாகும் நாளிதழில் ஒரு அறிவிப்புக் கொடுத்தாள். 'எனது அறுபதாவது பிறந்தநாளை முன்னிட்டு யாரும் வரவோ வாழ்த்தவோ வேண்டாமென்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். டாக்னி லுண்ட்கோர், ஸோண்டர்ஹோய்.' அதுவரை அவள் பிறந்தநாளே நினைவில்லாமல் இருந்தவர்கள்கூட அதைப் படித்துவிட்டு நாள்காட்டியில் வட்டம் போட்டார்கள்.

பக்கத்துப் பண்ணை எபாவின் சமையலறையில் கூட்டம் கூடியது. எபா, அவள் புருஷன் க்ரெஸ்டன், பள்ளி வாத்தியார் ஹோல்கர் ப்ரிக்ஸ், மூன்றே பேர். ஊர்க்கூடத்துக்குச் சொல்லியாயிற்று, சமையலுக்கும் சொல்லியாயிற்று. பாட்டுதான் இடித்தது.

வாத்தியார் ஒன்று எழுதிக்கொண்டு வந்திருந்தார். வாசித்து முடித்தார்.

"வாத்தியாரே, தப்பா எடுத்துக்காதீங்க" என்றான் க்ரெஸ்டன். "இது செத்தவங்களுக்குப் படிக்கிற மாதிரி இருக்கு."

"இலக்கணம் சுத்தமா இருக்குமே."

"சுத்தமாத்தான் இருக்கு. அதான் சொல்றேன்."

க்ரெஸ்டனும் முயன்று பார்த்திருந்தான். ஒரு வாரத்தில் ஒன்றரை வரி வந்தது. அந்த அரை வரியும் பன்றி விலையைப் பற்றி.

அப்போது எபா, காப்பியை ஊற்றிக்கொண்டே, தான் என்ன சொல்கிறோம் என்று யோசிக்காமலே சொன்னாள்: "பேசாம டாக்னிகிட்டயே கேட்டுட வேண்டியதுதான்."

ஆண்கள் இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"விளையாட்டுக்குச் சொன்னேம்பா" என்றாள் எபா.

"இல்லையில்ல" என்றார் வாத்தியார். "ஊருக்கு வெளியே யாரோ ஒரு பொம்பளைக்குன்னு சொல்லிக் கேட்டா?"

பொய் சொன்னால் எபாவுக்குக் கழுத்திலிருந்து சிவப்பு ஏறும். ஊருக்கே தெரியும். ஆனால் வாத்தியார் போனால் டாக்னி சந்தேகப்படுவாள், க்ரெஸ்டன் போனால் சிரித்துவிடுவான். கழுத்தை மூடும் கம்பளிச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, அன்று சாயங்காலமே எபா டாக்னியின் வீட்டுக்குப் போனாள்.

டாக்னி காப்பியும், தான் சுட்ட கேக்கும் கொண்டுவந்து வைத்தாள். எபா ஒரு துண்டை எடுத்துக் காப்பியில் முக்கி, கொஞ்சம் பொறுத்து, திரும்பவும் முக்கினாள்.

"என் பெரியம்மா மக ஒருத்தி ராண்டர்ஸ்ல இருக்கா. வெரான்னு பேரு. அவளுக்கு அறுபது வருது."

"முப்பது வருஷமாப் பக்கத்து வீட்ல இருக்கே. வெரான்னு ஒருத்தியைப் பத்தி நீ பேசினதே இல்லையே?"

"பேசிக்கிற மாதிரி இல்ல."

"ஓ." டாக்னிக்கு ஆர்வம் பிறந்துவிட்டது. பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டாள். "என்ன வேலை?"

"கடையில. விளக்கு விக்கிற கடை."

"கல்யாணம்?"

"இல்ல."

"யாரும் கேக்கலையா?"

"ஒருத்தர் கேட்டாரு. முட்டை வண்டி ஓட்டுறவரு. கல்யாணம் பண்ணிக்கலாமான்னாரு. இவ 'எதுக்கு?'ன்னு கேட்டாளாம்."

டாக்னி மேசையைத் தட்டிச் சிரித்தாள். "அப்புறம்?"

"பதில் தெரியல அவருக்கு. ஃபூன் தீவுக்கு மாத்தல் வாங்கிக்கிட்டுப் போயிட்டாரு."

"பாவம் அந்த ஆளு! சொல்லு சொல்லு, இது போதாது."

எபா சட்டைக் கழுத்தை இழுத்துவிட்டுக்கொண்டாள். பயந்துகொண்டுதான் ஆரம்பித்தாள். ஆனால் முப்பது வருஷத்துப் பக்கத்து வீடு என்பது சும்மாவா? ஒரு மூட்டை அவிழ்ந்ததும் மற்றதெல்லாம் தானாகக் கொட்ட ஆரம்பித்தது.

"சைக்கிள்ல போவா. ரோட்டு நடுவுலதான் போவா. பின்னால டிராக்டர் வரும், பால் வண்டி வரும், எதுக்கும் ஒதுங்க மாட்டா. ஹாரன் அடிச்சா நிறுத்தி, இறங்கி, என்ன விஷயம்னு கேப்பா."

"இந்த மாதிரிப் பொம்பளைங்களை நானும் பார்த்திருக்கேன்" என்று எழுதிக்கொண்டே சொன்னாள் டாக்னி. "ரோட்டை என்னவோ அவங்கப்பா போட்டு வச்ச மாதிரி."

"அடுத்தவங்க வீட்டுத் துணிக்கொடியில துணியை எப்படிக் காயப்போட்டிருக்காங்கன்னு பார்த்து, வேலியைத் தாண்டி வந்து, திருப்பிப் போட்டுட்டுப் போவா."

"அடக் கடவுளே! அவ பக்கத்து வீட்டுக்காரி எப்படித்தான் பொறுத்துக்கிறாளோ!"

"அதான் தெரியல" என்றாள் எபா, மனசார.

"சமையல்?"

எபாவின் வாயில் அப்போது கேக் இருந்தது. அதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "கேக் சுடுவா. கொஞ்சம் கெட்டியா இருக்கும்" என்றாள்.

"கெட்டின்னா எப்படி? எனக்குச் சரியாச் சொல்லணும், அப்பத்தான் எழுத முடியும்."

"ஒருத்தருக்குப் பல்லு போயிருக்கு."

"அதைத் திங்கிறவங்க நிலைமையை நெனச்சா எனக்கு அழுகையே வருது. நீ இன்னொரு துண்டு எடுத்துக்க."

எபா எடுத்துக்கொண்டாள். கிளம்பும்போது மனசு உறுத்தியது. "நல்லதும் உண்டு அவகிட்ட. மனசு தங்கம். ஒரு தடவை என் வீட்ல…"

"தங்கத்துக்கு யாரு சிரிப்பா?" என்று நோட்டுப் புத்தகத்தை மூடினாள் டாக்னி. "நல்ல மனசெல்லாம் பாதிரியார் வேலை."

பத்து நாளில் பாட்டு தயார். டாக்னியே அதை எடுத்துக்கொண்டு வந்து எபாவின் சமையலறையில் நின்று வாசித்தாள். பதினோரு சரணம். அவள் எழுதியதிலேயே இதுதான் உசத்தி என்பது அவளுக்கே தெரிந்திருந்தது. கேக் வந்த இடத்தில் இப்படி இருந்தது:

*அவ சுட்ட கேக்கத் தின்னு அரைப்பல்லு போனவரு*
*பல் டாக்டர் வீட்டுக் கதவைப் பாடிக்கிட்டே தட்டுறாரு.*

க்ரெஸ்டன் வாயைப் பொத்திக்கொண்டு, பன்றிக்குத் தண்ணீர் வைக்க வேண்டும் என்று எழுந்து ஓடினான். கொட்டகையிலிருந்து வந்த சத்தம் பன்றியுடையதா அவனுடையதா என்று சொல்ல முடியவில்லை.

"கொஞ்சம் காட்டமா இருக்கோ?" என்றாள் எபா.

"இருக்கட்டும். இந்த மாதிரி ஆளுக்கு இது போதாது. ரோஷம் இருந்தா அஞ்சாவது சரணத்துலயே எந்திரிச்சுப் போயிடுவா."

அவள் போன பிறகு எபாவுக்குத் தூக்கம் போயிற்று. சில சரணங்களை எடுத்துவிடலாம் என்றாள். வாத்தியார் உதட்டைப் பிதுக்கினார். ஒரு கல்லை உருவினால் சுவரே விழும்படி கட்டி வைத்திருக்கிறாள், வெரா என்கிற பெயர் வரும் இடத்தில் டாக்னி என்று மாற்றுவதைத் தவிர ஒன்றும் செய்ய முடியாது, நல்ல காலம் இரண்டும் மெட்டில் ஒரே அளவாக உட்காருகின்றன என்றார். க்ரெஸ்டன் மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் என்னவோ கிறுக்கிக்கொண்டிருந்தான்.

பிறந்தநாள் சனிக்கிழமை வந்தது. அதற்கு முந்தின நாளே டாக்னி தன் தோட்டத்துக் கொடிக்கம்பத்திலிருந்து கயிற்றை உருவி எடுத்து அலமாரியில் பூட்டி வைத்துவிட்டாள். பிறந்தநாள் வீட்டில் கொடி பறக்காமல் இருக்குமா? காலையில் பார்த்தால், வைக்கோல் அள்ளும் கவைக்கோல் ஒன்று அவள் வேலியில் குத்தி நிறுத்தப்பட்டு, அதன் உச்சியில் வெள்ளைச் சிலுவை போட்ட சிவப்புத் தேசியக் கொடி படபடத்துக்கொண்டிருந்தது. அவள் திரைச்சீலைகளை இழுத்து மூடிக்கொண்டு உள்ளேயே இருந்தாள்.

மத்தியானத்துக்கு மேல் க்ரெஸ்டன் வந்து கதவைத் தட்டினான்.

"டாக்னி, ஊர்க்கூடத்துக் கதவு கீலோட கழண்டு விழுந்துடுச்சு."

"எந்தக் கதவு?"

"பெரிய கதவு."

"எப்படி விழும்? நான்தானே அதுக்குக் கீல் குடுத்தேன்? என்ன பண்ணீங்க அதை?"

"வந்து பாரு. நான் சொன்னா நீ நம்ப மாட்டே."

பழுப்பு நிறக் கடைக் கோட்டை மாட்டிக்கொண்டு, கருவிப் பெட்டியை சைக்கிளில் கட்டிக்கொண்டு டாக்னி கிளம்பினாள். நடுரோட்டில்தான் போனாள். க்ரெஸ்டனின் டிராக்டர் பின்னாலேயே ஊர்ந்து வந்தது.

கதவு ஒழுங்காக இருந்தது. அவள் கீலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கதவு உள்ளிருந்து திறந்தது. நீள மேசைகள், மெழுகுவத்திகள், தட்டுக்குத் தட்டு குட்டிக் கொடிகள், எழுந்து நிற்கும் மொத்த ஊர்.

"நான் பேப்பர்ல போட்டேனே!" என்று கத்தினாள் டாக்னி.

"படிச்சோம்" என்றார் வாத்தியார்.

"அப்புறம்?"

"நல்லா எழுதியிருந்தே."

கோட்டைக் கழற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அப்படியே நடு நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். கருவிப் பெட்டியை அவள் மடியை விட்டு இறக்கவே சூப் முடிய வேண்டியிருந்தது. இறைச்சி வந்தபோது லேசாகச் சிரித்தாள். அதற்குள் வாத்தியார் கரண்டியால் கிளாசைத் தட்டி எழுந்துவிட்டார். ஆளுக்கொரு காகித சைக்கிள் கொடுக்கப்பட்டது. அதன் சக்கரத்துக்குள் சுருட்டி வைத்திருந்தது பாட்டு.

டாக்னி அந்தச் சைக்கிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "யாரு எழுதினது? நீங்களா வாத்தியாரே?"

"வெளியாளு."

பியானோ ஆரம்பித்தது. தன்னுடைய பழைய மெட்டுதான் என்று டாக்னிக்குத் தெரிந்தது. அதுவொன்றும் அதிசயமில்லை. முதல் வரி வந்தது. அதுவும் தெரிந்த வரியாக இருந்தது. அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் பார்த்தாள்.

"எபா!" என்று மேசையைத் தாண்டிச் சீறினாள். "இது வெராவோட பாட்டு! அவளுக்கு எழுதினதைத் திருடி எனக்குப் பாடுறீங்க! அவ பேரை எடுத்துட்டு என் பேரைப் போட்டிருக்கீங்க!"

எபாவால் பதில் சொல்ல முடியவில்லை, பாடிக்கொண்டிருந்தாள். அந்த ஊரில் பாட்டை நடுவில் நிறுத்தும் வழக்கம் கிடையாது. தீப்பிடித்தால்கூட சரணத்தை முடித்துவிட்டுத்தான் எழுவார்கள்.

"அவளும் சைக்கிள்ல போறவ, எனக்கும் பொருந்துதுன்னு…" என்று பக்கத்தில் இருந்த பாதிரியாரிடம் சொல்ல ஆரம்பித்தாள் டாக்னி. அதற்குள் சரணம் வந்துவிட்டது.

*சைக்கிளில் அவ போனா சாலையே அவளோடது,*
*பின்னால வர்ற டிராக்டர் நாளைக்குத்தான் ஊர் சேருது.*

டிராக்டர் வைத்திருப்பவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் குரலை உயர்த்தினார்கள். பால் வண்டிக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். டாக்னி வாயைத் திறந்தபடி அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு எபாவின் கழுத்தைப் பார்த்தாள். இன்று கம்பளிச் சட்டை இல்லை. கழுத்து பீட்ரூட்டாக இருந்தது.

ராண்டர்ஸில் யாரும் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

இன்னும் எட்டுச் சரணம் பாக்கி. தன் பாட்டில் அடுத்து என்ன வரும் என்று ஒரு வரி விடாமல் தெரிந்திருந்தவள் அந்தக் கூடத்தில் அவள் ஒருத்திதான். துணிக்கொடி வரப்போகிறது. வந்தது. கேக் வரப்போகிறது. வந்தது, பாதிரியாரே கடைவாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு பாடினார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கிளாசைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், குட்டிக் கொடியை எடுத்து வைத்தாள். இத்தனை வருஷம் மூலையில் உட்கார்ந்து அடுத்தவர் முகத்தை வேடிக்கை பார்த்தவளுக்கு, இப்போது எல்லா மூலைகளிலிருந்தும் கண்கள்.

*கல்யாணம் செஞ்சுக்கலாமான்னு கையை நீட்டிக் கேட்டாரு;*
*'எதுக்கு வேணும்?'னு கேட்டா, இன்னும் யோசிக்கிறாரு.*

கூடம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. எபா மட்டும் சிரிக்காமல் டாக்னியையே பார்த்தாள். டாக்னியின் உதடு ஒரு கணம் கோணியது. அழப்போகிறாள் என்று எபா நாற்காலியைத் தள்ளினாள். ஆனால் அது சிரிப்பு. முதலில் மூக்கு வழியாக வந்து, பிறகு தோள் குலுங்கி, கண்ணாடி கழன்று தட்டில் விழுந்தது. "நல்லா எழுதியிருக்கேன்ல?" என்றாள் பாதிரியாரிடம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அந்த 'இன்னும்' இருக்கு பாருங்க, அதுக்கே எனக்கு ஒரு சாயங்காலம் ஆச்சு."

பதினோராவது சரணத்தோடு முடிந்திருக்க வேண்டும். தாளில் பன்னிரண்டாவது ஒன்று இருந்தது.

*எபா ஆஸ்பத்திரியில கிடந்த அந்தப் பனிக்காலம் பூரா எனக்கும் பிள்ளைங்களுக்கும் நீ சூப்பு கொண்டு வந்தே டாக்னி,*
*சூப்பு நல்லா இல்லை, ஆனா தினமும் வந்துச்சு.*

இதை எந்த மெட்டிலும் பாட முடியாது. பியானோக்காரர் ஓரிடத்தில் நின்று காத்திருந்தார், பிறகு ஓடிப் பிடிக்கப் பார்த்தார். பாதிப் பேர் 'பிள்ளைங்களுக்கும்' என்ற இடத்தில் மூச்சுத் திணறி நின்றார்கள். மீதிப் பேர் சூப்பை முன்கூட்டியே முடித்துவிட்டார்கள். கடைசியில் க்ரெஸ்டன் ஒருவன் குரல்தான் தனியாக, தரையைப் பார்த்துக்கொண்டு, 'தினமும் வந்துச்சு' என்று முடித்தது.

எல்லோரும் எழுந்து மூன்று முறை ஹுர்ரா போட்டார்கள். டாக்னி நன்றி சொல்ல வேண்டிய முறை. பழுப்புக் கோட்டோடு எழுந்து நின்றாள்.

"முதல் விஷயம்" என்றாள். "ஏழாவது சரணத்தைத் தப்பாப் பாடினீங்க. நான் அப்படி எழுதல. திரும்பப் பாடுங்க."

ஏழாவது சரணத்தைத் திரும்பப் பாடினார்கள்.

"இப்பச் சரி. ரெண்டாவது, அந்தக் கடைசிச் சரணத்தை எழுதினது யாரு?"

க்ரெஸ்டன் மெல்ல எழுந்தான். சூப் நன்றாக இல்லை என்று எழுதியதற்கு வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று அவனுக்குத் தோன்றியது.

"அளவு ஒண்ணுமே சரியில்ல" என்றாள் டாக்னி.

"தெரியும்."

"எதுகை கிடையாது."

"அதுவும் தெரியும்."

அவள் கண்ணாடியை எடுத்துக் கோட்டு நுனியில் துடைத்தாள். துடைக்க வேண்டியதைவிட அதிக நேரம் துடைத்தாள். "மாத்திடாதே" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். அவ்வளவுதான் அவள் பேச்சு. மோர்ஸ் தீவில் அதற்கு மேல் யாரும் அழுததில்லை.

எபாவோடு மட்டும் வியாழக்கிழமை வரைக்கும் பேசவில்லை. வியாழக்கிழமை, எபாவின் துணிக்கொடியில் துணிகள் திருப்பிப் போடப்பட்டிருந்தன. எபா அதைப் பார்த்துவிட்டு, சமாதானம் ஆகிவிட்டது என்று காப்பிக்குத் தண்ணீர் வைத்தாள். சைக்கிளை ஓரமாக ஓட்டிப் பார்த்தாள் டாக்னி. ஒரே நாளில் பள்ளத்தில் விழுந்து, முழங்காலில் கட்டோடு திரும்ப நடுரோட்டுக்கே வந்துவிட்டாள். அவள் ஓரமாகப் போகும்போது பின்னால் வண்டி ஓட்டவே பயமாக இருக்கிறது என்று டிராக்டர்காரர்களே சொன்னார்கள்.

பாட்டு எழுதுவதையும் விடவில்லை. ஆனால் ஏதோ ஒன்று மாறித்தான் போயிருந்தது. அந்த வருஷம் செப்டம்பரில் பால்பண்ணைத் தலைவர் ஓலுஃப் வெஸ்டர்கோருக்கு வெள்ளிவிழாத் திருமணநாள். பாட்டு டாக்னியுடையது. முதல் சரணத்தில் அவர் தொப்பையும் அவர் கார் ஓட்டும் லட்சணமும் வந்தன. கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. இரண்டாவது சரணத்தில், ஓலுஃப் நல்ல மனுஷன், கஷ்டத்தில் இருக்கிறவர் வீட்டுக் கதவைத் தட்டி விசாரிக்காமல் போகமாட்டார் என்று இருந்தது. கூட்டம் அடுத்த வரியில் வரப்போகும் குத்தலுக்காகக் காத்திருந்தது. வரவில்லை. மூன்றாவது சரணம் வேறு விஷயத்துக்குப் போய்விட்டது.

ஓலுஃபுக்கு அன்று ஐஸ்கிரீம் இறங்கவில்லை. பெண்டாட்டியிடம் கேட்டார், வாத்தியாரிடம் கேட்டார், அந்த இரண்டாவது சரணத்தில் ஒளிந்திருக்கும் குத்தல் என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. திங்கட்கிழமை கடை திறந்ததும் கல்லாவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"கால் கிலோ ஆணி குடு டாக்னி."

"எதுக்கு?"

"ஆணி கிடக்கட்டும். அந்த ரெண்டாவது சரணத்துல நீ என்ன சொல்ல வந்தே?"

"நீ நல்ல மனுஷன்னு."

"அது படிச்சாத் தெரியுது" என்றார் ஓலுஃப், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "என்ன சொல்ல வந்தே?"

டாக்னி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். தராசில் ஆணிகளை அள்ளிப் போட்டாள். "யோசிச்சுப் பாரு" என்றாள்.

அவர் ஆணிப் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, யோசித்தபடியே பால்பண்ணைக்குப் போனார்.